தீராத நோயும் தஞ்சை அரியணையும்

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டினால் கீழவாஞ்சூர். கிழக்கே கடலும் காரைக்கால் துறைமுகமும். சாலையோரம் மதுக்கடைகள், ஒரு சோதனைச்சாவடி. அதோடு காரைக்கால் மாவட்டம் முடிந்துவிடுகிறது. சாவடியைக் கடந்தால் தமிழ்நாடு, நாகூர். மொழி ஒன்று, மண் ஒன்று, மீன் வருவதும் ஒரே கடலிலிருந்துதான். ஆனால் வரி வேறு, சட்டமன்றம் வேறு.

இந்த எல்லை எப்படி வந்தது என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் என்று ஒரு சொல்லில் பதில் வரும். அது பாதிப் பதில்தான். 1736-இல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் துக்கோஜி இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் ஏகோஜி ஏறத்தாழ ஓராண்டில் இறந்தார். அவருடைய மனைவி சுஜான்பாய் சிறிது காலம் ஆண்டார். பிறகு சாயாஜி, பிறகு பிரதாப் சிங். மூன்றே ஆண்டுகளில் அரியணை இத்தனை கை மாறியது. நாட்டை இழந்து நின்ற சாயாஜி, உதவி வேண்டிப் புதுச்சேரி கவர்னர் துமாவோடு பேசியபோது காரைக்காலை விலை பேசினார். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். சுற்றுக் கிராமங்கள் பிரதாப் சிங் காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

அந்தப் பக்கம் நாகூரின் கதை பிரதாப் சிங்கின் மகன் இரண்டாம் துளஜாவோடு வருகிறது. பணமுடையில் 1773-இல் அவர் நாகூரை டச்சுக்காரர்களுக்கு விற்றார். ஆர்க்காட்டு நவாப் அதை மீட்டார். பின்னர் இழந்த அரியணையைத் திரும்பப் பெற்றுத் தந்ததற்கு ஈடாக நாகூரும் அதைச் சார்ந்த 277 கிராமங்களும் ஆங்கிலக் கம்பெனிக்குப் போயின. வடக்கே பிரெஞ்சு, தெற்கே ஆங்கிலம். இடையில் வாஞ்சூர்.

கடன், போர், வாரிசுச் சண்டை. வரலாற்று நூல்கள் இந்த மூன்றையும் விரிவாகப் பேசும். நான்காவதாக ஒன்று உண்டு, அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது மன்னரின் உடல். துளஜாவின் கடைசி ஆண்டுகளைப் பற்றிப் படிப்பவர் யாரும், தீராத நோய் ஒன்று அவரைப் பிடித்திருந்தது என்ற வாக்கியத்தைத் தவறாமல் பார்ப்பார்கள். அடுத்த வாக்கியம் மந்திரியைப் பற்றியோ தத்துப்பிள்ளையைப் பற்றியோ போய்விடும். அந்த நோயிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தஞ்சை நாடு கம்பெனியின் கைக்குப் போன வழியில் அதுவும் ஒரு வாசல்.

துளஜா 1738-இல் பிறந்தவர், 1763-இல் பட்டத்துக்கு வந்தார். பத்து ஆண்டுகளில் நவாபின் படை, கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. 1773 செப்டம்பரிலிருந்து 1776 ஏப்ரல் வரை மன்னரும் குடும்பமும் கைதிகள். அரியணை திரும்பக் கிடைத்து ஐந்து ஆண்டுகள் போவதற்குள் 1781-இல் ஹைதர் அலியின் படை காவிரிச் சமவெளிக்குள் புகுந்தது. வயல்கள் தரிசாயின, பஞ்சம் வந்தது. அதே காலகட்டத்தில் அவருடைய மகன் இறந்தான், மகள் இறந்தாள், பேரக் குழந்தையும் இறந்தது. நேர்வாரிசு என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மன்னர் அரண்மனையின் உட்கட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டார். உடம்பும் தேறவில்லை.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியன் பிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். ஜெர்மன்காரர். 1750-இல் டென்மார்க் மிஷனுக்காகத் தரங்கம்பாடியில், அதாவது காரைக்காலுக்கு வடக்கே எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்து இறங்கினார். தமிழும் மராட்டியும் பேசுவார். 1778 முதல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார். மன்னரிடம் நேரே போய்ப் பேசக்கூடிய வெகு சிலரில் ஒருவர்.

சரி, மன்னருக்கு வந்த நோய் என்ன?

இறந்துபோனவர்களின் நோயைப் பழைய குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிப்பது மருத்துவ வரலாற்றில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. எலும்பு கிடைத்தால் அது பேசும். 2012-இல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தபோது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது தெரிந்தது. ஷேக்ஸ்பியர் காட்டிய கூன் அவருக்கு இல்லை, சூம்பிய கையும் இல்லை. வயிற்றுப் பகுதி மண்ணில் குடற்புழு முட்டைகள்கூட அகப்பட்டன. 1485-இல் போர்க்களத்தில் செத்தவரின் குடலைப் பற்றி இன்று நமக்குத் தெரியும். தஞ்சை மன்னர்கள் தகனம் செய்யப்பட்டவர்கள். துளஜாவின் எலும்பை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்ப முடியாது. மிஞ்சியிருப்பவை கடிதங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் 'தீராத நோய்' என்ற சொல் காசநோயையும் குறிக்கும், சிறுநீரகம் கெட்டதையும் குறிக்கும், நீரிழிவையும் குறிக்கும். எழுத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே சான்று. அவருடைய மனக் கலக்கத்துக்குக் காரணம் போர்ஃபைரியா என்னும் பரம்பரை நோய் என்று 1966-இல் இடா மெக்கால்பைனும் ரிச்சர்ட் ஹண்டரும் எழுதினார்கள். பல ஆண்டுகள் அதுவே பாடமாக இருந்தது. இன்று பலர் அதை ஏற்பதில்லை, இருமுனை மனநோய் என்ற பக்கம் சாய்கிறார்கள். அவருக்காவது அரண்மனை மருத்துவர்களின் நாட்குறிப்புகள் கட்டுக்கட்டாக உண்டு. ஆகவே துளஜாவின் நோய்க்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை.

நம் பக்கத்தில் மன்னர்களின் உடம்பைப் பற்றிய நினைவு வேறு வடிவங்களில் வந்து சேர்கிறது. விஜயாலய சோழனுக்குத் தொண்ணூற்றாறு விழுப்புண் என்பது உலா இலக்கியம் தரும் கணக்கு. இதைச் சிறுவயதில் கேட்டுப் பெருமைப்படாத தமிழர் இருக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அந்த எண்ணிக்கை வேறொன்றைச் சொல்கிறது. கிருமிகொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் வெட்டுக்காயம் சீழ் பிடித்தால் உயிர் போகும். ஆறிய தழும்பு ஒவ்வொன்றும் ஒரு முறை பிழைத்த கணக்கு. ஆறிய பிறகும் காயம் முடிந்துவிடாது. மூட்டின் மேல் விழுந்த தழும்பு சுருங்கி மூட்டை மடக்க விடாமல் செய்யும். அறுந்த நரம்பின் நுனி முடிச்சாக வளர்ந்து, மேல்துணி பட்டாலும் சுரீரென்று வலிக்கும். அடிபட்ட மூட்டில் பத்திருபது ஆண்டு கழித்துத் தேய்மானம் வரும். புலவர்கள் தழும்பை எண்ணினார்கள், வலியை எழுதவில்லை.

நாகூர் வைத்திருக்கும் நினைவு இன்னும் நுணுக்கமானது. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கருக்கு வைத்தியர்களால் தீர்க்க முடியாத நோய் வந்தது. நாகூர் தர்காவின் ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகை அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். உடம்பெங்கும் ஊசி குத்திய புறா ஒன்று அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதைப் பறக்கவிட்டார், மன்னர் நோய் நீங்கி எழுந்தார் என்பது தர்காவின் வரலாறாகச் சொல்லப்படுவது. இன்றும் நாகூரில் நேர்ந்துகொண்டு புறா விடுகிறார்கள். மன்னர் நன்றியாகக் கொடுத்த நிலம் தர்காவுக்கு அடிப்படையாயிற்று. பின்னால் பிரதாப் சிங் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். இந்தக் கதையிலிருந்து நோயைக் கணிக்க முயல்வது வீண். ஆனால் ஒன்றை இது சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. மன்னரின் உடம்பு நோகிறது என்றால், அரண்மனைக்குள் எந்த அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறது அது.

துளஜாவின் அரண்மனைக்குள் என்ன நடந்தது?

நாட்பட்ட நோயாளி ஒருவர் ஒதுங்கிப் போவதை 'மனசு விட்டுட்டார்' என்று சொல்லிவிடுகிறோம். மனசு மட்டும் காரணமல்ல. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கும். அவற்றின் செய்தி இரத்தத்தின் வழியாகவும், வயிற்றையும் மார்பையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளையை எட்டும். மூளை உடனே பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கூட்டும், பேச்சும் ஆட்களும் பிடிக்காமல் செய்யும், இதுவரை மகிழ்ச்சி தந்த காரியங்களில் நாட்டத்தை எடுத்துவிடும். காய்ச்சல் வந்த ஆடு மந்தையைவிட்டு விலகிப் படுத்துக்கொள்வதும் இதனால்தான். 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை அறிவியலாளர் இதை உடம்பின் தற்காப்பு முறை என்று விளக்கினார். தெம்பைச் சேமித்துக் கிருமியோடு போராடுவதற்கான ஏற்பாடு அது. நான்கு நாள் காய்ச்சலுக்கு இது நல்லது. நோய் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இந்த ஏற்பாடே மனச்சோர்வு நோயாக முற்றிவிடக்கூடும்.

இதன்மேல் துக்கமும் அச்சமும் ஏறுகின்றன. ஆபத்தைச் சமாளிக்க உடம்பு கார்ட்டிசோலைச் சுரக்கிறது, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது, சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சிறை, போர், பஞ்சம், பிள்ளைகளின் சாவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் திரும்புவதற்கு இடைவெளியே இருக்காது. அப்படிச் சேர்ந்துபோகும் தேய்மானத்தைத்தான் புரூஸ் மெக்கூவன் 1990-களில் உடம்பின் மேல் ஏறும் சுமையாக வருணித்தார். இதயமும் இரத்தக் குழாய்களும் நினைவாற்றலும் அந்தச் சுமைக்கு விலை கொடுக்கின்றன. ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறையையும் அடுத்தடுத்த சாவுகளையும் பார்த்த ஒருவர் நாற்பத்தைந்து வயதில் ஓய்ந்துபோனதில் வியப்பில்லை.

படுக்கை தன் பங்குக்குக் கெடுக்கும். நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்தது. எழுந்து நடக்கச் சிரமப்படுகிறவர் வெளியே வருவதைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போடப் போட இன்னும் மெலிவார். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. இடுப்பெலும்பு முறிந்து படுத்த பாட்டி முறிவு கூடிய பிறகும் எழாமல் போவது இதனால்தான்.

ஒரு குடும்பத்தில் இப்படி ஒருவர் படுத்தால் பாரம் அந்த வீட்டோடு போகும். மன்னராட்சியில் அப்படி இல்லை. எல்லா ஆணையும் ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று அமைந்த நாட்டில், அந்த ஒருவர் உட்கட்டை விட்டு வெளியே வராவிட்டால், கதவுப் பக்கம் நிற்பவர் அரசராகிவிடுவார். தஞ்சாவூரில் அப்படி நின்றவர் பாபா என்ற சர்க்கேல், அதாவது தலைமை மந்திரி. விளைச்சலில் குடியானவனின் பங்கைக்கூட விடாமல் கறந்தார்கள். ஸ்வார்ட்ஸ் சொல்லும் கணக்கின்படி 65,000 பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். உழ ஆளில்லை. காவிரியில் தண்ணீர் வந்தும் நிலம் சும்மா கிடந்தது.

மன்னரிடம் எடுத்துச் சொல்லி, கொடுமை நிற்கும், திரும்பி வாருங்கள் என்று வாக்குறுதி வெளியிட்டார்கள். யாரும் நம்பவில்லை. பிறகு ஸ்வார்ட்ஸ் தன் பெயரில் உறுதி சொன்னார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தப்பியிருந்தும் அந்தக் குடியானவர்கள் நிலத்தில் இறங்கி வேலை செய்தார்கள் என்று அவரே நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். நோயாளி மன்னரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது, வெளிநாட்டுப் பாதிரியாரின் சொல் செல்கிறது. கம்பெனி தன் பிரதிநிதியான ரெசிடென்ட் தலைமையில் ஒரு குழு அமைத்து நிர்வாகத்தைப் பார்க்கத் தொடங்கியதும் இந்தச் சமயத்தில்தான். ஸ்வார்ட்ஸ் அதில் உறுப்பினர். எந்த யுத்தமும் இல்லாமல் அரசின் ஒரு பகுதி இடம் மாறியது.

1787 ஜனவரியில் துளஜா தன் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்தார். போன்ஸ்லே குலத்துக் கிளை ஒன்றிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். வயது பத்து நிறையவில்லை. அவன்தான் பின்னாளைய இரண்டாம் சரபோஜி. மன்னர் பையனை ஸ்வார்ட்ஸிடம் காட்டி, இவனை உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கிறேன் என்றார். பாதிரியார் தயங்கினார். உட்பகை நிறைந்த அரண்மனையில் என்னால் இவனைக் காப்பாற்ற முடியாது, உங்கள் சகோதரர் அமர் சிங் வசம் ஒப்படையுங்கள், பையன் வளரும்வரை அவர் நாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மன்னர் அப்படியே செய்தார். சில நாட்களில் இறந்துபோனார்.

அவர் கண்மூடியதும் நோய் இன்னொரு வேலையைத் தொடங்கியது. தத்து செல்லாது என்றார் அமர் சிங். சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பல் பண்டிதர்களின் கருத்தைக் கேட்டார். செல்லாது என்பதற்கு முன்வைக்கப்பட்ட காரணங்கள் மூன்று. பையன் தன் பெற்றோருக்கு ஒரே மகன். தத்தெடுக்கும் வயதைத் தாண்டியவன். மூன்றாவது, தத்தெடுத்த நேரத்தில் மன்னர் நோயால் புத்தித் தெளிவு இழந்திருந்தார். அமர் சிங் மன்னரானார்.

முதல் இரண்டும் சாத்திரக் கேள்விகள். அவற்றுக்கு நூல் பார்த்து விடை சொல்லலாம். மூன்றாவது மருத்துவக் கேள்வி. அதை நோயாளி இறந்த பிறகு, அவரைப் பரிசோதிக்காதவர்கள், சாத்திரக் கேள்விகளோடு சேர்த்துத் தீர்த்துவிட்டார்கள். கடுமையான நோய் மூளையைக் குழப்புவது உண்மையில் நடப்பதுதான். சிறுநீரகமோ ஈரலோ செயலிழந்தால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். நுரையீரல் கெட்டால் மூளைக்கு உயிர்வளி குறையும். தொற்று முற்றினாலும், வலிக்கு அபினி கொடுத்தாலும் குழப்பம் வரும். இந்தக் குழப்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு, கவனம் சிதறிவிடும். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் பங்குனி, மாசி என்று தொடங்கி தை வருவதற்குள் எங்கேயோ போய்விடுவார். இன்னோர் அடையாளம், அது ஏறி இறங்கும். காலையில் தெளிவாகப் பேசியவர் விளக்கு வைக்கும் நேரத்தில் மகனையே யார் என்று கேட்பார். மறுநாள் காலை மீண்டும் தெளிவார். ஆகவே 'அவர் புத்தி சரியில்லாதவர்' என்று மொத்தமாகச் சொல்வது மருத்துவத்தில் செல்லாது. இந்த முடிவை, இந்த நேரத்தில் எடுத்தபோது அவருக்குத் தெளிவு இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

துளஜா தத்தெடுத்த நாட்களில் ஸ்வார்ட்ஸிடம் பேசிய பேச்சில், குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய கவலை இருக்கிறது. ஒருவர் மறுத்ததும் அவர் சொன்ன மாற்று யோசனையைக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் நிதானம் இருக்கிறது. தன் முடிவின் விளைவு அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு வைக்கும் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே. விவரம் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எந்த வழியாலோ தெரிவிக்க முடிகிறதா என்று அது கேட்கிறது. மற்றவர்களுக்குத் தவறாகப் படும் முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவருக்குத் தெளிவில்லை என்று கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது.

சைகை என்றதும் மகாராஜா ரஞ்சித் சிங் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பெரியம்மையில் இடக்கண் போனவர், அந்த ஒற்றைக் கண்ணோடு பஞ்சாபின் பெரும்பகுதியை ஒன்றாக்கினார். அந்தக் குறை அவருடைய ஆட்சியை அசைக்கவில்லை. அசைத்தது பக்கவாதம். 1838 டிசம்பரில் வந்த தாக்குதலில் பேச்சு போயிற்று. பேச்சு போவதில் இரண்டு வகை உண்டு. நாக்கையும் உதட்டையும் அசைக்கும் தசைகள் மட்டும் செயலிழந்தால், சிந்தனையும் மொழியும் உள்ளே முழுசாக இருக்கும், வெளியே குழறும். மூளையின் இடப்புற மொழிப் பகுதிகள் கெட்டால் சொற்களே கைக்கு எட்டாது, சிலருக்குப் பிறர் பேச்சும் புரியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். அமைச்சர் பகீர் அஜீசுத்தீன் மன்னரின் முணுமுணுப்பையும் சைகையையும் பார்த்து ஆணைகளாக மொழிபெயர்த்தார். அவர் நேர்மையாளர், ஆகையால் அரசு ஓடியது. 1839 ஜூன் 27 அன்று மன்னர் இறந்தார். பத்தாண்டுக்குள் நான்கு வாரிசுகள் வந்து போய், 1849 மார்ச்சில் பஞ்சாப் கம்பெனியின் கைக்குப் போனது.

துளஜா இறந்த மறு ஆண்டே, 1788-இன் கடைசி மாதங்களில், லண்டனில் மூன்றாம் ஜார்ஜுக்கு மனக் கலக்கம் வந்தது. ஓயாமல் பேசினார், தூக்கமில்லை, கட்டிவைத்துக்கூட வைத்தியம் பார்த்தார்கள். அவர் பட்ட பாடு தஞ்சை மன்னருடையதைவிடக் குறைவில்லை. ஆனால் அங்கே நாடாளுமன்றம் மருத்துவர்களை வரவழைத்து, குணமாவாரா, எவ்வளவு காலம் ஆகும் என்று குறுக்கு விசாரணை செய்து பதிவு செய்தது. இளவரசருக்கு எந்த அதிகாரம் தரலாம், எது கூடாது என்று வாதம் நடந்தது. மசோதா நிறைவேறுவதற்குள் 1789 பிப்ரவரியில் மன்னர் தேறிவிட்டார். 1811-இல் நோய் மறுபடி முற்றியபோது ஆட்சியை மகனிடம் மாற்றினார்கள். மன்னர் 1820-இல்தான் இறந்தார், அதுவரை நாடு எவர் கைக்கும் போகவில்லை. உடம்பு நோவதற்கு முன்பே, நோய்வாய்ப்பட்டால் யார் என்ன செய்வது என்று பேசிக்கொள்ள ஓர் இடம் அங்கே இருந்தது. தஞ்சாவூரில் அந்த இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்தது.

அமர் சிங்கின் பாதுகாப்பில் இருந்த சரபோஜி இருட்டறையில் அடைக்கப்பட்டுக் கிடந்ததாக ஸ்வார்ட்ஸ் முறையிட்டார். 1793-இல் பையனைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். தத்து செல்லும் என்று வேறு பண்டிதர்கள் கருத்துச் சொன்னார்கள். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி பட்டமேறினார். பட்டம் கொடுத்தவர்கள் விலை கேட்டார்கள். 1799 அக்டோபர் 25 ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்கு. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். நோயாளி ஒருவரின் தெளிவைப் பற்றிய சந்தேகம் பன்னிரண்டு ஆண்டு இழுத்துக்கொண்டு போய் இங்கே முடிந்தது.

நாடாள வேலையில்லாத சரபோஜி என்ன செய்தார் என்பதுதான் இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையம் வைத்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாம் அங்கே சேர்ந்து வேலை செய்தன. பரிசோதித்துப் பார்த்த மருந்துகளைத் தமிழ்ப் பாடல்களாக எழுத வைத்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகம் அவற்றை அச்சிட்டிருக்கிறது. அதே நூலகத்தில் கண் நோயாளிகளின் குறிப்புத் தாள்கள் இருக்கின்றன. நோயாளி யார், என்ன குறை, எப்போது தொடங்கியது, என்ன சிகிச்சை, பார்வை எப்படித் திரும்பியது என்று எழுதி, அந்தந்தக் கண்ணை வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்தும் ஒரு கண் மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்து, இது புரை, இது கருவிழிப் புண் என்று சொல்ல முடியும். சாதாரணக் குடியானவர்களுக்குக் கிடைத்த இந்தத் தாள்களில் ஒன்று 1787 ஜனவரியில் துளஜாவின் கட்டிலருகே எழுதப்பட்டிருந்தால், அன்று காலை மன்னர் தெளிவாகப் பேசினார் அல்லது பேசவில்லை என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட்டிருந்தால், சரபோஜியின் உரிமையைப் பற்றி மறுத்தோ ஒப்பியோ சொல்லப் பண்டிதர்களுக்கு இரண்டு காரணங்கள்தான் மிஞ்சியிருக்கும்.